கார்ட்ஸைக் கொடுத்தால் பக்கவாத்தியம்: போனா, கம்ப்யூட்டரா, கீபோர்டா, ஆளா?

பழனிக்குப் போன பாதயாத்திரைக் கூட்டம் ஊர் திரும்பியதும் காரைக்குடிப் பக்கம் விசேஷ வீடுகள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். அத்தோடு என்னிடம் இந்தக் கேள்வியும் வந்துவிடும். "பாட்டு தெரியும், கார்ட்ஸும் ஓரளவு பிடிபடுது, கூட வாசிக்கத்தான் ஆள் இல்லை. கார்ட்ஸை அடிச்சுக் கொடுத்தா டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் தானே வாசிக்கிற சாஃப்ட்வேர் இருக்காமே, எதை வாங்கட்டும்?" (கார்ட்ஸ் என்றால் பாட்டுக்கு அடியில் சேர்ந்து ஒலிக்கும் மூன்று நான்கு சுரங்களின் கூட்டம்.)

இந்த வருஷம் கேட்டவர்கள் நான்கு பேர். பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பிள்ளைகளைப் பாட வைக்கும் தேவகோட்டை டீச்சர் ஒருவர். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பள்ளத்தூர் வீட்டில் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாடும் அண்ணன் ஒருவர். கிடார் கற்றுக்கொள்ளும் கல்லூரி மாணவி. அப்புறம் தன் தம்பியின் மணிவிழாவுக்குத் தானே பாட்டெழுதி மெட்டும் போட்டு வைத்திருக்கும் ஆச்சி. இந்த நான்கு பேருக்கும் ஒரே பதில் சொன்னால் மூன்று பேருக்கு அது தப்பான பதிலாகிவிடும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

## முதலில், இது எப்படி வாசிக்கிறது

இந்தக் கருவிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஸ்டைல் என்று ஒன்று இருக்கும்: நான்கைந்து வாத்தியங்கள் சேர்ந்து வாசித்த சின்னச் சின்னத் துண்டுகள். யமஹா கீபோர்டு ஸ்டைல்களில் அந்தத் துண்டுகளைப் பெரும்பாலும் சி மேஜர் செவன்த் என்ற ஒரே கார்டில் வாசித்து வைத்திருப்பார்கள். நீங்கள் டி மைனர் என்றால் அந்தத் துண்டின் சுரங்களை டி மைனருக்கு ஏற்றபடி மாற்றி வாசிக்கும். அவ்வளவுதான். உங்கள் மெட்டு என்ன, ராகம் என்ன, எந்தச் சொல்லில் மூச்சு எடுப்பீர்கள், எதுவும் அதற்குத் தெரியாது. கார்ட் பெயரும் வேகமும்தான் தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி விஷயம் தானாகவே புரிந்துவிடும்.

## எதை வைத்து அளப்பது

யார் யாருக்காகக் காத்து நிற்பது? எனக்கு இதுதான் முதல் அளவுகோல். சத்தம் எவ்வளவு நன்றாயிருக்கிறது என்பதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

சில வருஷங்களுக்கு முன் கானாடுகாத்தானில் உறவுக்காரர் வீட்டு அறுபதாம் கல்யாணம். கலச நீர் ஊற்றும் நேரத்தில் பாட ஒரு பாட்டு. கம்ப்யூட்டரில் நான்கு நிமிஷத்துக்குப் பின்னணி இசை டிராக் செய்து கொண்டுபோயிருந்தேன். வரிசை நான்கு நிமிஷத்தில் முடியவில்லை. பிள்ளைகள், மாப்பிள்ளைகள், சம்பந்திகள், பேரன் பேத்திகள் என்று நீண்டுகொண்டே போனது. பாடிக்கொண்டிருந்த பெரியவர், முறைப்படி, மறுபடியும் பல்லவிக்குத் திரும்பினார். டிராக் திரும்பவில்லை. அது தன் முடிவு இசையை வாசித்து நின்றுவிட்டது. அத்தனை பேர் நடுவே அவர் குரல் மட்டும் தனியாக நின்றது. டோலக் வைத்திருந்த தம்பி ஒரு நொடியில் கையை வைத்துப் பாட்டைப் பிடித்துக்கொண்டார், வரிசை முடியும்வரை வாசித்தார். அன்றிலிருந்து யாராவது டிராக் கேட்டால் நான் கேட்கும் முதல் கேள்வி: "பாட்டு நீளுமா, நீளாதா?"

இடையிசை யாருடையது? நம் சினிமாப் பாட்டில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இசையும் பாட்டுதான். சிறுகூடல்பட்டிக்காரரான கண்ணதாசன் பாட்டு இல்லாமல் எங்கள் பக்கம் மணிவிழா மேடை இல்லை. அந்தப் பாட்டுகளில் விஸ்வநாதன்–ராமமூர்த்தி போட்ட வயலின் வரியும் புல்லாங்குழலும் வராவிட்டால் கேட்பவருக்கு ஏதோ குறைந்த மாதிரிதான் இருக்கும். கார்ட்ஸிலிருந்து இசை செய்யும் எந்தச் சாஃப்ட்வேரும் அந்த வரியைத் தராது. தளம் போட்டுக் கொடுக்கும், அதன்மேல் வீடு நாம்தான் கட்ட வேண்டும்.

தாளமும் ராகமும். இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஜாஸ், ராக், கன்ட்ரி, லத்தீன் இசைக்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. கும்மிக்கும் காவடிச் சிந்துக்கும் தெம்மாங்குக்கும் ஏற்ற நடை எந்தக் கருவியில் கிடைக்கும், மிச்ர சாபு மாதிரி ஏழு எண்ணிக்கை வந்தால் என்ன செய்வது என்று பார்க்க வேண்டும்.

இடம். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் ஊர் வீட்டு வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய பகுதியில், எல்லாமே கெட்டிப் பரப்பு: முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து வழவழவென்று தேய்த்த சுவர், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, உயரமான கூரை, தூண்கள். அங்கே பேஸ் கிடாரும் எதிரொலி சேர்த்த டிரம்ஸும் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பாடுபவரின் வார்த்தை கேட்காது. ஹெட்போனில் பிரமாதமாயிருந்த டிராக் வளவில் இரைச்சலாகிவிடும். அதோடு, மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாள் விசேஷ நாளாகவும் அமையலாம்.

பணமும் நேரமும். வாங்கும் விலை ஒன்று. கற்றுக்கொள்ளும் மாதங்கள் இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிய செலவு.

அவசரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு அட்டவணை. ஆனால் காரணம் கீழேதான் இருக்கிறது, அதையும் படியுங்கள்.

| | போன் செயலி | கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர் | ஸ்டைல் உள்ள கீபோர்டு | கரோக்கி டிராக் | ஆள் |
|---|---|---|---|---|---|
| பாடுபவருக்காகக் காத்து நிற்குமா | நிற்காது, ஆனால் சுற்றிச் சுற்றி வரும் | நிற்காது | வாசிப்பவர் நினைத்தால் நிற்கும் | நிற்காது | நிற்பார் |
| சினிமா இடையிசை | இல்லை | இல்லை | வலது கையில் வாசித்தால் உண்டு | உண்டு | உண்டு |
| நம் ஊர்த் தாளம் | இல்லை | மிகக் குறைவு, வெளியிலிருந்து சேர்க்கலாம் | இந்திய மாடல்களில் உண்டு | பாட்டில் உள்ளபடி | எல்லாம் |
| கட்டை (சுருதி) மாற்ற | உடனே, கெடாது | உடனே, கெடாது | ஒரு பட்டன் | ஓரிரு அரைக்கட்டை வரை | சொன்னால் போதும் |
| கற்றுக்கொள்ள | ஒரு சாயங்காலம் | சில வாரங்கள் | பல மாதங்கள் | ஒன்றுமில்லை | ஒத்திகை மட்டும் |
| எதற்குச் சரி | சாதகம் | ரிக்கார்டிங் | மேடை, வகுப்பு | பிரபலமான பாட்டு | வீட்டு விசேஷம் |

## போன் செயலி: ஐரியல் ப்ரோ

இந்த வகையில் நான் பயன்படுத்துவது இது ஒன்றுதான். கட்டம் கட்டமாக இருக்கும் தாளில் கார்ட்ஸை நிரப்பி, ஸ்டைலையும் வேகத்தையும் கொடுத்தால் டிரம்ஸ், பேஸ், பியானோ அல்லது கிடார் வாசிக்கும். ஒருமுறை பணம் கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. தாளில் மெட்டும் வரியும் இருக்காது, கார்ட்ஸ் மட்டும்தான்.

இதன் அருமை சாதகத்தில்தான். ஒரே பகுதியை எத்தனை முறை வேண்டுமானாலும் சுற்ற விடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் வேகம் கொஞ்சம் கூடும்படி வைக்கலாம், சுற்றுக்கொரு சுருதி மாறும்படியும் வைக்கலாம். கிடார் பழகுகிறவருக்கு இதைவிடப் பொறுமையான துணை கிடைக்காது. எஃப் மேஜரிலிருந்து பி ஃபிளாட்டுக்கு விரல் போகவில்லையா, அந்த இரண்டு கட்டத்தை மட்டும் ஐம்பது தடவை வாசிக்க வையுங்கள், அலுக்காமல் வாசிக்கும்.

குறை: ஸ்டைல்கள் ஜாஸ், லத்தீன், பாப், ராக் வகைதான். நம் ஆறு எண்ணிக்கை நடைக்கு 12/8 ராக் மாதிரி ஒன்றை வைத்து ஒப்பேற்றலாம், ஆனால் அது டோலக் நடை ஆகாது. ஜாஸ் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு சிக்கல்: நீங்கள் வெறும் சி மேஜர் எழுதியிருந்தாலும் அது வாசிக்கும்போது மேலே ஒரு சுரத்தைச் சேர்த்து அலங்கரிக்கும். ஜாஸில் அது அழகு. நம் பக்திப் பாட்டில் அந்தச் சுரம் ராகத்துக்கு வெளியே போய் நிற்கும். பாப் ஸ்டைலுக்கு மாறினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மறைந்திருக்கும் செலவு கார்ட்ஸ் கண்டுபிடிக்கும் நேரம். மேல்நாட்டுப் பாட்டுகளின் கார்ட் தாள்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன, தமிழ்ப் பாட்டுக்கு நாமே உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். கார்டிஃபை, மோய்சஸ் மாதிரி பாட்டைக் கேட்டுக் கார்ட்ஸ் சொல்லும் செயலிகள் உண்டு. எளிய பாட்டில் நன்றாகவே சொல்லும். பேஸ் தனியாக ஒரு வழி நடக்கும் இளையராஜா வகைப் பாட்டில் தடுமாறும். அங்கே காதுதான் வேலை செய்ய வேண்டும். அதை ஒரு நஷ்டமாக நான் நினைக்கவில்லை, ஒரு பாட்டுக்குக் கார்ட்ஸ் தேடிய நேரத்தில் கற்றுக்கொண்டது வேறு எதிலும் கிடைக்காது.

மேடைக்கு இது வேண்டாம். நடுவில் போன் வந்தால் எல்லாம் போச்சு. ஏரோப்ளேன் மோடு போட மறக்காதவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

## கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்: பேண்ட்-இன்-எ-பாக்ஸ், ஜேஜாஸ்லேப்

கனடாவின் பி.ஜி. மியூசிக் நிறுவனம் 1990-இல் வெளியிட்டது பேண்ட்-இன்-எ-பாக்ஸ். இந்த வகையில் பெரியண்ணன் இதுதான். முதலில் வெறும் மிடி ஒலிதான், அதாவது கம்ப்யூட்டரே உண்டாக்கும் வாத்திய ஒலி. பிற்பாடு ஸ்டூடியோ கலைஞர்கள் நிஜமாக வாசித்த ஒலிப்பதிவுகளையே துண்டு துண்டாகச் சேர்த்து, நீங்கள் கொடுக்கும் கார்டுக்கும் வேகத்துக்கும் பொருத்தித் தரும் ரியல்டிராக்ஸ் என்ற வசதியைக் கொண்டுவந்தார்கள். அக்கூஸ்டிக் கிடார் வாசிப்பைக் கேட்டால் ஆள் உட்கார்ந்து வாசித்ததென்றே தோன்றும், ஏனென்றால் ஆள் வாசித்ததுதான்.

எந்த இடத்தில் டிரம்ஸ் ஒரு உருட்டு உருட்ட வேண்டும், எந்தக் கார்டில் எல்லோரும் நிறுத்த வேண்டும் என்று குறிக்கலாம். பிடிக்கவில்லையா, மறுபடி உருவாக்கச் சொன்னால் வேறு மாதிரி வாசித்துத் தரும். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனி ஒலிக் கோப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் நமக்கு இதில் முக்கியம்.

பாதயாத்திரைக் குழு ஒன்றுக்காகப் பாட்டுப் பதிவு செய்தபோது நான் இதைத்தான் செய்தேன். பேஸும் அக்கூஸ்டிக் கிடாரும் மட்டும் சாஃப்ட்வேரிலிருந்து எடுத்து, டிரம்ஸை முழுக்க நீக்கிவிட்டு, அதன்மேல் எங்கள் பையன் வாசித்த டோலக்கையும் ஜால்ராவையும் சேர்த்தேன். நடக்கும்போது பாடும் பாட்டு அது, ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் திருப்பிப் பாடுவது, அதன் வேகம் காலின் வேகம். டிரம்ஸ் போட்டுப் பார்த்தேன், குன்றக்குடிச் சாலை மறைந்து வேறு ஏதோ ஊர் வந்துவிட்டது. டோலக் வந்ததும் சாலை திரும்பியது.

இப்போது செலவு. சின்னப் பொதி 100 டாலருக்கு மேல், எல்லாம் அடங்கிய பெரிய பொதி 500 டாலருக்கு மேல். வருஷா வருஷம் புதிய பதிப்பும் வரும். ஒவ்வொன்றையும் துரத்த வேண்டியதில்லை, வாங்கியது ஓடிக்கொண்டேதான் இருக்கும். பெரிய பொதி நூறு ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும், நம் பக்கத்து இணைய வேகத்தில் இறக்கிப் பாருங்கள். திரை பழைய காலத்து அலுவலகம் போல பட்டன் மேல் பட்டனாக இருக்கும், பழகச் சில வாரம் ஆகும். ரியல்டிராக்ஸை அது பதிவான வேகத்திலிருந்து ரொம்ப விலக்கினால் ஒலி இழுபடும். அதில் வரும் வாசிப்பு நன்றாயிருக்கிறது என்பதற்காக மட்டும் உங்கள் பாட்டின் வேகத்தை மாற்றாதீர்கள். நான் ஒருமுறை மாற்றினேன், பாட்டு போய்விட்டது.

பணம் இல்லையென்றால் ஜேஜாஸ்லேப் இருக்கிறது: இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். யமஹா கீபோர்டின் ஸ்டைல் கோப்புகளை இதில் போட்டு வாசிக்க வைக்கலாம் என்பது நமக்குப் பெரிய வரம், ஏனென்றால் இந்தியத் தாள ஸ்டைல்கள் அந்த வடிவில்தான் புழங்குகின்றன. ஒலித் தரம் நீங்கள் பயன்படுத்தும் சவுண்ட்ஃபான்ட்டை (வாத்திய ஒலிகள் அடங்கிய கோப்பு) பொறுத்தது. நல்ல ஒன்று இல்லாமல் கேட்டுவிட்டு மட்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

### ராகம் தப்பாமல் கார்ட்ஸ் கொடுப்பது

இது எல்லாக் கருவிக்கும் பொது, ஆனால் ரிக்கார்டிங்கில்தான் குட்டு வெளிப்படும். ஒரு கட்டைச் சுருதியில், அதாவது சி-யில், மோகனத்தில் ஒரு மெட்டு என்று வையுங்கள். ச ரி க ப த மட்டும். சி மேஜரும் ஏ மைனரும் அதற்குள்ளேயே அடங்கும். பழக்கதோஷத்தில் ஜி மேஜர் போட்டால் உள்ளே நிஷாதம் நுழைந்துவிடும். அதற்குப் பதில் ஜி சஸ் ஃபோர் போட்டால் ப, ச, ரி மட்டும்தான், மோகனம் மோகனமாகவே இருக்கும்.

கரகரப்பிரியாவில் சி மைனர் போட்டால் இன்னொரு பிரச்சினை. சில ஸ்டைல்களில் பேஸ் ஒரு ஓட்டம் ஓடும், அதில் சுத்த தைவதத்தைத் தொட்டுவிட்டால் கேட்பவர் காதுக்கு அது நடபைரவி என்ற வேறு ராகமாகிவிடும். ஓட்டமில்லாத எளிய ஸ்டைலாகப் பாருங்கள். தைவதம் ஒளிரும் இடத்தில் எஃப் மேஜர் போடுங்கள், ம த ச மூன்றும் அதில் உண்டு. கமகம் நிறைந்த கீர்த்தனைக்கு இது எதுவுமே வேண்டாம். அங்கே சுருதிப்பெட்டி போதும், மேலே ஒன்றும் போடாதீர்கள்.

## ஸ்டைல் உள்ள கீபோர்டு

அரேஞ்சர் கீபோர்டு என்பார்கள். இடது கையில் கார்ட் பிடித்தால் பக்கவாத்தியம் வாசிக்கும், வலது கையில் மெட்டோ இடையிசையோ நீங்கள் வாசிக்கலாம். முகப்பு இசை, இரண்டோ நான்கோ வகை நடை, நடுவில் ஒரு ஃபில்-இன் (இடைவெளியை நிரப்பும் சின்ன உருட்டு), முடிவு இசை, எல்லாம் பட்டனில். இதன் உயிர் எங்கே இருக்கிறதென்றால், முடிவுப் பட்டனை நீங்கள் அழுத்தும்வரை அது முடிக்காது. பல்லவி மூன்றாம் முறை வந்தால் மூன்றாம் முறையும் வாசிக்கும். கலச நீர் வரிசை எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை.

யமஹாவின் பிஎஸ்ஆர்-ஐ வரிசையும் கேசியோவின் சிடி-எக்ஸ்870ஐஎன் போன்றவையும் இந்தியாவுக்காகவே செய்யப்பட்டவை. தபேலா, தம்புரா ஒலிகளும் இந்தியத் தாளங்களும் உள்ளே உண்டு. பிஎஸ்ஆர்-ஐ500-இல் தம்புரா, தபேலாவோடு சாதகம் செய்ய ரியாஸ் என்றே ஒரு வசதி இருக்கிறது. இந்த அளவு கீபோர்டு 25,000–30,000 ரூபாய் வாக்கில் வரும், கடைக்குக் கடை மாறும். மேடைக் குழுக்கள் வைத்திருக்கும் பெரிய மாடல்கள் லட்சத்தைத் தாண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு விரலில் கார்ட் பிடிக்கும் வசதி இருக்கும்: யமஹாவில் ஒரு கட்டையை மட்டும் அழுத்தினால் மேஜர், அதோடு இடதுபக்கத்துக் கறுப்புக் கட்டையையும் சேர்த்தால் மைனர், வெள்ளைக் கட்டையைச் சேர்த்தால் செவன்த். ஆரம்பத்தில் உதவும், பள்ளிப் பிள்ளைகளுக்கு உற்சாகம் தரும். ஆனால் முதல் மாதத்துக்கு மேல் அதிலேயே இருக்க விடாதீர்கள். முழுக் கார்டையும் மூன்று விரலில் பிடிக்கப் பழகிய பிள்ளைக்கு எந்தக் கீபோர்டும் பியானோவும் சொந்தம். ஒரு விரல் பிள்ளைக்கு அந்த ஒரு பெட்டி மட்டும்தான்.

மறைந்த செலவுகள்: ஸ்டாண்டு, அடாப்டர், ஆம்ப்ளிஃபயர், ஒயர். புளூடூத் ஸ்பீக்கரில் இதை இணைக்காதீர்கள். பதிவான டிராக்குக்கு புளூடூத் பரவாயில்லை, எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் கேட்கும். கீபோர்டில் விரல் அழுத்திக் கொஞ்சம் தாமதித்துச் சத்தம் வந்தால் வாசிக்கவே முடியாது. கரண்ட் போனால் சின்ன மாடல்கள் சில பேட்டரியில் ஓடும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, இடது கை தானாகப் போகும்வரை ஆகும் ஆறேழு மாதப் பழக்கம். பாடிக்கொண்டே வாசிக்க இன்னும் கூடும்.

## கரோக்கி டிராக்

மேலே இடையிசை பற்றிச் சொன்னதுதான் இதற்கான முழு வாதம். எல்லோருக்கும் தெரிந்த சினிமாப் பாட்டை எல்லோருக்கும் தெரிந்தபடி பாட வேண்டுமென்றால் இதுதான் வழி, கார்ட்ஸ் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

பார்க்க வேண்டியவை இரண்டு. பழைய பாட்டிலிருந்து குரலை மட்டும் நீக்கிச் செய்த டிராக்குகளில் சுருதி இன்றைய வாத்தியங்களோடு ஒட்டாமல் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம். கூட ஒரு புல்லாங்குழல் சேர்ந்தால் அப்போது தெரியும். இரண்டாவது கட்டை. ஆண் பாடியதைப் பெண் பாட நான்கு கட்டை தள்ள வேண்டியிருக்கும். ஒலிப்பதிவை அவ்வளவு தள்ளினால் வயலின் வயலினாக இருக்காது. ஓரிரு அரைக்கட்டை தாங்கும், அதற்கு மேல் வேறு டிராக் தேடுங்கள்.

## ஆள்

ஒரு டோலக் அல்லது ரிதம் பேட், ஒரு கீபோர்டு. இரண்டு பேர் போதும், வளவுக்கு அதுவே நிறைவு. சம்பளம், வண்டி, சாப்பாடு, ஒரு ஒத்திகை என்று செலவு கூடும்தான், முகூர்த்த மாதத்தில் ஆள் கிடைப்பதும் கஷ்டம். ஆனால் அவர்கள் பாடுபவரின் முகத்தைப் பார்ப்பார்கள். வரி மறந்தால் ஒரு சுற்று சும்மா வாசித்து நேரம் கொடுப்பார்கள், குரல் உடைந்தால் ஒலியைக் குறைப்பார்கள். எந்த சாஃப்ட்வேரும் முகம் பார்ப்பதில்லை.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் திருவிழா தோறும் மேடை ஏறிய மெல்லிசைக் கலைஞர்கள் எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், நிறையப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வசதி உள்ள வீட்டு விசேஷத்துக்கு டிராக் போடுவதில் மிச்சமாகும் தொகை, அந்த வீட்டின் மொத்தச் செலவில் கண்ணுக்கே தெரியாது. அந்த இடத்தில் ஆளைக் கூப்பிடுங்கள். நாயனமும் தவிலும் இருக்கும் இடத்தில் டிராக் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

## பாட்டின் உரிமை

எல்லோரும் கேட்பதால் சுருக்கமாக. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, மதச் சடங்கிலும் கல்யாண ஊர்வலம், கல்யாணத்தோடு சேர்ந்த கொண்டாட்டங்களிலும் பாட்டைப் பாடுவதையும் ஒலிக்கச் செய்வதையும் உரிமை மீறல் அல்ல என்கிறது. அதை வீடியோ எடுத்து யூடியூபில் ஏற்றுவது வேறு கணக்கு. நீங்களே செய்த டிராக்காக இருந்தால் ஒலிப்பதிவு உங்களுடையது, ஆனால் மெட்டும் வரியும் வேறொருவருடையதாக இருந்தால் அந்த உரிமை அப்படியேதான் இருக்கும், யூடியூபில் கோரிக்கை வரலாம். சொந்தப் பாட்டு எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. பேண்ட்-இன்-எ-பாக்ஸில் செய்ததை விற்கவும் அந்த நிறுவனம் அனுமதிக்கிறது.

## நான்கு பேருக்கும் சொன்னது

மாணவிக்கு ஐரியல் ப்ரோ. வேறு எதுவும் இப்போது வேண்டாம் என்றேன். ஒரு வருஷம் கழித்துத் தானே பாட்டுக் கட்ட ஆரம்பித்தால் ஜேஜாஸ்லேப்.

பள்ளத்தூர் அண்ணனுக்குக் கரோக்கி டிராக். அவர் பாடுவது முழுக்கப் பழைய பாட்டு, அந்த இடையிசை வரும்போது கண்ணை மூடிக்கொள்கிறவர். கம்ப்யூட்டர் வாங்கிக் கார்ட்ஸ் அடிக்கிறேன் என்று ஆசைப்பட்டார். "அண்ணே, அந்த வயலின் வராது, பரவாயில்லையா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார்.

டீச்சருக்குக் கீபோர்டு. முப்பது பிள்ளைகள் பாடும்போது யாராவது ஒருவர் முந்துவார், ஒருவர் பிந்துவார். இடது கையில் கார்டைப் பிடித்துக்கொண்டு அவர்களைக் கூட்டிச் சேர்க்கிற வேலை டிராக்கால் ஆகாது. பள்ளியிலேயே பியானோ பழகிய பிள்ளை ஒருத்தி இருக்கிறாளாம், அவளை வாசிக்க வைக்கச் சொன்னேன். ஆண்டுவிழாவுக்கு இன்னும் நேரமிருக்கிறது.

ஆச்சி விஷயத்தில்தான் நிறைய யோசித்தேன். சொந்தப் பாட்டு, ஆறு எண்ணிக்கை நடை, தம்பி பெயரும் ஊர்ப் பெயரும் வரும் நான்கு சரணம். முதலில் டிராக் செய்து தருகிறேன் என்றுதான் ஆரம்பித்தேன். மாதிரிக்கு ஒன்று போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "தம்பி, அது நின்னா நானும் நிக்கணுமா?" என்றார்கள். அதோடு முடிவாகிவிட்டது. கம்ப்யூட்டர் டிராக் ஒத்திகைக்கு மட்டும். வீட்டில் தினமும் அதை வைத்துப் பாடிப் பழகுகிறார்கள். ஐந்தரைக் கட்டை கொஞ்சம் ஏறுகிறது என்று அரைக்கட்டை இறக்கிக் கொடுத்தேன், கார்ட்ஸை எழுதிய பிறகு அது ஒரு நொடி வேலை. மணிவிழா அன்று கீபோர்டில் நான், டோலக்கில் கானாடுகாத்தானில் அன்றைக்குக் கை கொடுத்த அதே தம்பி. பேஸை முக்கால்வாசி குறைத்து, எதிரொலியை முழுக்க எடுத்துவிட்டு, ஸ்பீக்கரை வளவுத் தூணுக்குப் பக்கத்தில் ஆட்களைப் பார்த்துத் திருப்பி வைக்கப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டிலேயே ஒத்திகை. நாலாவது சரணத்தை எத்தனை முறை பாடுவீர்கள் என்று கேட்டேன், அது அன்றைக்குத்தான் தெரியும் என்றார்கள்.